பெயர் தெரியாத தையற்காரர்: மொரோனியின் உருவப்படம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டன் நேஷனல் கேலரியில் ஒரு தையற்காரரின் உருவப்படம் இருக்கிறது. ஏறத்தாழ நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன், வட இத்தாலியில் வரையப்பட்டது. வரைந்தவரின் பெயர் நமக்குத் தெரியும். வரையப்பட்டவரின் பெயர் தெரியாது. இந்தப் படத்தைப் பார்ப்பவர்களுக்கு வழக்கமாக எழும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

இது எந்தப் படம்? யார் வரைந்தது?

ஜொவான்னி பத்திஸ்தா மொரோனி என்ற இத்தாலிய ஓவியர் 1565-க்கும் 1570-க்கும் இடையில் வரைந்த படம் இது. கித்தான் மீது எண்ணெய் வண்ணத்தால் வரையப்பட்டது, உயரம் 99.5 சென்டிமீட்டர், அகலம் 77 சென்டிமீட்டர். ஆங்கிலத்தில் இதைத் 'தையற்காரர்' என்றுதான் அழைக்கிறார்கள். இத்தாலியில் 'இல் தல்யாபான்னி' என்று ஒரு பெயர் வழங்குகிறது. துணி வெட்டுபவர் என்று பொருள். படத்தைப் பார்த்த பிறகு இரண்டாவது பெயரே பொருத்தமானது என்று எனக்குத் தோன்றுகிறது. ஏனென்றால் படத்தில் ஊசியும் இல்லை, நூலும் இல்லை. கத்தரிக்கோலும் துணியும்தான் இருக்கின்றன.

படத்தில் அப்படி என்ன இருக்கிறது?

சாம்பல் நிறச் சுவருக்கு முன்னால், ஒரு மேசையை ஒட்டி, குட்டையாக வெட்டிய முடியும் தாடியும் கொண்ட ஓர் இளைஞர் நிற்கிறார். வலக்கையில் பெரிய கத்தரிக்கோல். இடக்கை மேசை மேல் கிடக்கும் கறுப்புத் துணியைப் பிடித்திருக்கிறது. வெட்டப் போகிற நேரத்தில் யாரோ உள்ளே வந்ததுபோல, தலையைச் சற்றுச் சாய்த்து நிமிர்ந்து பார்க்கிறார். பார்வை நேராக நம் மீது விழுகிறது. அதில் சிரிப்பும் இல்லை, சிடுசிடுப்பும் இல்லை. வந்தவருக்கு என்ன வேண்டும் என்று கணக்குப் போடும் பார்வை அது. அளவு நாடாவை எடுப்பதற்கு முன்பே ஆளைக் கண்ணால் அளந்துவிடும் தையற்காரரிடம் ஒருமுறையாவது போய் நின்றவர்களுக்கு இந்தப் பார்வை பழக்கமானதுதான்.

கறுப்புத் துணியை உற்றுப் பார்த்தால் அதன் மேல் வெள்ளைக் கோடுகள் தெரியும். வெட்ட வேண்டிய இடத்தைக் குறித்துச் சாக்கட்டியால் போட்ட கோடுகள். அளவெடுத்து, கணக்குப் பார்த்து, கோடு போட்டு முடித்தாகிவிட்டது. இனி வெட்ட வேண்டியதுதான் பாக்கி. வெட்டிவிட்டால் திருத்த முடியாது. ஒரு தொழிலின் நாளில் எத்தனையோ நிமிடங்கள் இருக்க, மொரோனி தேர்ந்தெடுத்தது அந்த ஒரு நிமிடத்தை.

இவர் யார்?

தெரியாது. படத்தில் பெயர் எழுதப்படவில்லை; குடும்பச் சின்னம் இல்லை; கையில் முகவரி எழுதிய கடிதமும் இல்லை. வரையப்பட்டு நூறாண்டு ஆவதற்குள்ளேயே இவருடைய பெயர் மறைந்துவிட்டது. 1660-இல் மார்கோ போஸ்கினி என்ற வெனிஸ்காரர் தம் ஊர் ஓவியங்களைப் பற்றி எழுதிய நீண்ட செய்யுள் நூலில் இந்தப் படத்தைப் புகழ்கிறார். ஒரு வழக்கறிஞரைக் காட்டிலும் நன்றாகப் பேசும் தையற்காரர் என்ற பொருளில் பாராட்டும் அவர், அந்தத் தையற்காரர் இன்னார் என்று சொல்லவில்லை. அப்போது படம் வெனிஸில் க்ரிமானி என்ற பிரபுக் குடும்பத்தின் சேகரிப்பில் இருந்தது.

பெயர் ஏன் தொலைந்துபோனது?

உருவப்படம் ஒன்று வரையப்பட்ட வீட்டிலேயே இருக்கும்வரை அதற்குப் பெயர்ப்பலகை தேவைப்படுவதில்லை. கூடத்தில் தொங்குவது தாத்தா என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். படம் விற்கப்பட்டோ கைமாறியோ வேறு வீட்டுக்குப் போகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. வாங்கியவருக்கு அது யாருடைய தாத்தாவோ அல்ல, ஒரு நல்ல ஓவியம். வரைந்தவரின் பெயரை நினைவில் வைத்துக்கொள்வார், வரையப்பட்டவரின் பெயரை மறந்துவிடுவார். இந்தப் படம் மொரோனி வாழ்ந்த, வட இத்தாலியின் பெர்கமோ வட்டாரத்திலிருந்து வெனிஸ் பிரபுக்களின் மாளிகைக்குப் போயிருக்கிறது. அந்த மாளிகையில் ஒரு தையற்காரரின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளக் காரணம் உள்ளவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

அதே ஓவியர் வரைந்த மற்றவர்களின் பெயர்கள் மட்டும் எப்படித் தெரிகின்றன?

வசதி படைத்தவர்கள் தங்கள் பெயரைப் படத்துக்குள்ளேயே எழுதச் செய்துவிட்டார்கள் என்பதே சுருக்கமான பதில். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள 1557-ஆம் ஆண்டுப் படத்தில், லுக்ரேசியா அல்யார்தி வெர்தோவா என்ற மூதாட்டி ஒரு கல் திண்டுக்குப் பின்னால் அமர்ந்திருக்கிறார். அந்தத் திண்டில் அவர் யாருடைய மகள், யாருடைய மனைவி என்பதெல்லாம் கல்வெட்டுப் போலப் பொறிக்கப்பட்டிருக்கிறது. பெர்கமோவில் உள்ள ஜான் ஜெரோலாமோ க்ருமெல்லியின் படத்தில் 1560 என்ற ஆண்டும் ஸ்பானிய மொழியில் ஒரு குறிக்கோள் வாசகமும் உண்டு. தலை முதல் கால்வரை பவள நிற உடையில் நிற்கும் அவருடைய படத்தை அவர் குடும்பம் தலைமுறைகளாகப் பேணியும் வந்திருக்கிறது. பரம்பரைச் சொத்து, வீட்டுச் சாமான் பட்டியல், கோயிலுக்குக் கொடுத்த கொடை என்று ஏதாவது ஒரு காகிதம் இப்படிப்பட்டவர்களைக் காட்டிக்கொடுத்துவிடும். உழைத்துப் பிழைப்பவர்களுக்கு அந்தக் காகிதங்கள் குறைவு.

அடையாளம் தெரியாத படங்களுக்கு யாராவது ஒரு பெயரைச் சூட்டிவிடுவது இல்லையா?

சூட்டுவார்கள். அப்படிச் சூட்டிய பெயர்களில் பல நிலைப்பதில்லை. நேஷனல் கேலரியிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. வெனிஸின் புகழ்பெற்ற ஓவியர் டிஷியன் ஏறத்தாழ 1510-இல் வரைந்த, பஞ்சு வைத்துத் தைத்த நீலச் சட்டைக்கையை முன்னால் நீட்டியபடி நம்மைத் திரும்பிப் பார்க்கும் ஓர் ஆணின் படம் அது. பதினேழாம் நூற்றாண்டிலிருந்து அது கவிஞர் அரியோஸ்தோவின் உருவம் என்றே கருதப்பட்டது. பிறகு, டிஷியன் இளமையில் பார்பரிகோ குடும்பத்துப் பிரபு ஒருவரை வெள்ளிச் சாடின் உடையில் வரைந்தார் என்றும், அதில் முடியையும் தையலையும் எண்ணிவிடலாம் என்றும், ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளைத் தொகுத்த வசாரி எழுதிய குறிப்போடு அதை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இப்போது அருங்காட்சியகம் அதை 'ஜெரோலாமோ பார்பரிகோ' என்று குறிப்பிடுகிறது. ஆனால் பெயருக்கு நடுவே ஒரு கேள்விக்குறியும் போடுகிறது. அந்தக் கேள்விக்குறியில் உள்ள நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

மொரோனியின் இன்னொரு படத்துக்கு நேர்ந்தது இதைவிட வேடிக்கையானது. வாஷிங்டனில் உள்ள அந்தப் படத்தில், நாற்காலியில் அமர்ந்து, படித்துக்கொண்டிருந்த புத்தகத்திலிருந்து திரும்பிப் பார்க்கும் ஒரு முதியவர் இருக்கிறார். அதை டிஷியன் வரைந்ததாக ஒரு காலத்தில் நம்பினார்கள். அதனால் அதில் இருப்பவர் டிஷியனின் பள்ளி ஆசிரியர் என்று ஒரு கதையும் சேர்ந்துகொண்டது. வரைந்தவர் மொரோனி என்று தெளிவான பிறகும் 'டிஷியனின் பள்ளி ஆசிரியர்' என்ற பெயர் அந்தப் படத்தை விடவில்லை. நம் தையற்காரருக்கு அப்படி ஒரு கதை ஒட்டிக்கொள்ளாமல் தப்பித்ததற்குக் காரணம் அவர் கையில் இருக்கும் கத்தரிக்கோல். தொழில் கண்ணெதிரே தெரிந்ததால், பார்த்தவர்கள் எல்லாரும் அந்தத் தொழிலையே பெயராக வைத்துக்கொண்டார்கள்.

இவர் உண்மையிலேயே தையற்காரர்தானா? துணி வியாபாரியாக இருக்கக் கூடாதா?

நல்ல கேள்வி. விரலில் மோதிரம் இருக்கிறது, உடை நாகரிகமானது, நிற்கும் தோரணையில் பணிவு இல்லை. இவற்றைக் காட்டி, இவர் துணி வணிகராகவோ அதைவிட உயர்ந்த நிலையில் இருந்தவராகவோ இருக்கலாம் என்று வாதிட்டவர்கள் உண்டு. எனக்கு அந்த வாதம் முழுமையாக ஏற்புடையதாக இல்லை. வணிகர் துணியை அளப்பார், அறுத்துக் கொடுப்பார். உடைக்கான வடிவத்தைக் கோடு போட்டு வெட்டுவது தையற்காரரின் வேலை. கறுப்புத் துணியில் சாக்கட்டிக் கோடுகள் இருப்பதை ஓவியர் கவனமாகக் காட்டியிருக்கும்போது, அந்தக் கோடுகளின் சாட்சியைத் தள்ளிவிட்டு மோதிரத்தின் சாட்சியை மட்டும் எடுத்துக்கொள்வது சரியாகத் தோன்றவில்லை.

தவிர, தையற்காரர் என்றாலே ஏழை என்று முடிவு கட்டுவதும் பிழை. அந்தக் காலத்தில் ஆயத்த உடைக் கடைகள் அரிது. உடை வேண்டுபவர் வணிகரிடம் துணியை வாங்கி, அதைத் தையற்காரரிடம் கொண்டுபோய்க் கொடுப்பார். இன்றும் பலர் செய்வதைப் போலத்தான். தையல் கூலியைவிடத் துணியின் விலை பல மடங்கு. எனவே விலையுயர்ந்த துணியை வீணாக்காமல் வெட்டத் தெரிந்தவரிடம்தான் நம்பிக் கொடுப்பார்கள். கடையில் வெட்டுவது மூத்த கைக்காரரின் வேலை. தைப்பதை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளலாம். பிரபுக்களின் உடைகளை வெட்டும் அளவுக்குக் கைராசிக்காரர் ஒருவர் மோதிரம் அணிந்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டிருந்தால் அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. அவர் உடையே அவருடைய கடைக்கு விளம்பரம்.

அவர் அணிந்திருப்பது என்ன, வெட்டப் போவது என்ன?

மேலே வெளிர் மஞ்சள் சாயல் கொண்ட வெண்ணிறச் சட்டை, உடலோடு ஒட்டிய தையலில். கழுத்திலும் மணிக்கட்டிலும் சுருக்கு வைத்த வெள்ளைத் துணி எட்டிப் பார்க்கிறது. இடுப்பில் தோல்வார். கீழே, உள்ளே திணித்து உப்பச் செய்த சிவப்புக் கால்சட்டை. ஸ்பானிய அரசவையிலிருந்து பரவிய பாணி இது. சட்டையின் மேற்பரப்பில் வேண்டுமென்றே வெட்டிவிடப்பட்ட சிறு கீறல்கள் அந்தக் காலத்து அலங்காரம். இத்தனையிலும் பட்டுக்கே உரிய பளபளப்பு எங்கும் இல்லை. மொரோனி பட்டு உடுத்திய பிரபுக்களை வரையும்போது அந்தப் பளபளப்பைத் தவறவிட்டதே கிடையாது.

மேசை மேல் கிடக்கும் துணியோ கறுப்பு. அப்போது நல்ல கறுப்புக்கு மதிப்பு அதிகம். ஸ்பெயினையும் ஆண்ட பேரரசர் ஐந்தாம் சார்லஸின் காலத்திலிருந்து ஸ்பானிய அரசவையில் கறுப்பே கண்ணியத்தின் நிறம்; மிலான் 1535 முதல் ஸ்பானியர் கைக்குப் போனபின் வட இத்தாலியிலும் அந்த மோகம் வேரூன்றியது. ஆனால் சாயத்தொட்டியில் கறுப்பை வரவழைப்பது எளிதல்ல. கருவாலி மரத்தில் உண்டாகும் கடுக்காய் போன்ற முடிச்சுகளோடு இரும்பு உப்பைச் சேர்த்துக் கறுப்பாக்கினால், காலப்போக்கில் அது துணியையே அரித்துப் பழுப்பாக்கிவிடும். நின்று நிலைக்கும் ஆழ்ந்த கறுப்பு வேண்டுமென்றால் முதலில் நீலத்தில் முக்கி, அதன் மேல் மற்றச் சாயங்களை ஏற்ற வேண்டும். இரண்டு மூன்று முறை சாயமேற்றிய துணிக்கு விலையும் அதற்கேற்ப அதிகம். ஆக, தையற்காரர் வண்ண உடையில் நிற்கிறார். அவருடைய வாடிக்கையாளர் கறுப்பில் நடமாடப் போகிறார். அந்த வாடிக்கையாளரைப் படத்தில் எங்கும் காணோம். அவருடைய துணி மட்டும் வந்து மேசையில் கிடக்கிறது.

தையற்காரரை வரைந்ததில் அப்படி என்ன புதுமை?

கைத்தொழில் செய்பவர்கள் படங்களில் வராமல் இல்லை. 1568-இல் பிராங்க்பர்ட்டில் வெளியான தொழில்களின் புத்தகத்தில் யோஸ்ட் அம்மன் என்ற ஓவியர் வரைந்த மரச்செதுக்குப் படங்களில் தையற்காரரும் ஒருவர். ஆனால் அது தையல் தொழிலின் படம்; அதில் இருப்பவர் எந்தத் தையற்காரராகவும் இருக்கலாம். மொரோனியின் படத்தில் இருப்பவர் அந்த ஒருவர்தான். பிரபுக்களுக்கும் பாதிரிமார்களுக்கும் அறிஞர்களுக்கும் ஒதுக்கப்பட்டிருந்த அளவு, அமைப்பு, நேர்கொண்ட பார்வை எல்லாவற்றையும் எடுத்து, வேலை செய்துகொண்டிருக்கும்போதே ஒருவருக்குக் கொடுத்தது அன்றைக்கு மிக அரிதான செயல். பிரபுவின் படத்தில் கை, வாளின் பிடி மேல் இருக்கும். இங்கே அதே இடத்தில் கத்தரிக்கோல்.

இது ஒரு புனிதரின் படமாக இருக்க முடியாதா?

தையற்காரர்களின் காவல் புனிதராகக் கருதப்படுபவர் க்ரெமோனாவின் ஓமோபோனோ; 1199-இல் புனிதராக அறிவிக்கப்பட்டவர்; அவரையும் கத்தரிக்கோலோடு காட்டுவது வழக்கம். அதனால் இந்தக் கேள்வி வருகிறது. ஆனால் இந்தப் படத்தில் ஒளிவட்டமும் இல்லை, பிச்சை வாங்க நிற்கும் ஏழைகளும் இல்லை. புனிதர் அல்லர்.

மொரோனி யார்?

பெர்கமோவுக்கு அருகே, செரியோ ஆற்றின் பள்ளத்தாக்கில் உள்ள அல்பீனோ என்ற ஊரில், 1520-களின் தொடக்கத்தில் பிறந்தவர். ப்ரெஷாவில் மொரெத்தோ என்ற ஓவியரிடம் தொழில் கற்றார். ட்ரென்ட் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையின் பெரும் மாமன்றம் நடந்த ஆண்டுகளில் அங்கேயும் வேலை செய்தார். பெர்கமோ 1428 முதல் வெனிஸ் குடியரசின் ஆட்சியில் இருந்த எல்லை நகரம். எல்லைக்கு அப்பால் ஸ்பானிய மிலான். இரண்டு பக்கத்து நாகரிகமும் வந்து கலந்த ஊர். 1563-இல் பிரெம்பாத்தி குடும்பத்து ஆள் ஒருவர் தேவாலயத்துக்குள்ளேயே கொல்லப்பட்டதும், அல்பானி, பிரெம்பாத்தி என்ற இரண்டு பிரபுக் குடும்பங்களுக்கு இடையே இருந்த பகை நகரத்தையே உலுக்கியது. இந்த இரண்டு தரப்புகளிலும் மொரோனிக்கு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். 1560-களில் அவர் பெரும்பாலும் அல்பீனோவிலேயே தங்கி வேலை செய்தார். எளிய உடையில் எளிய பின்னணியில் வரும் நடுத்தர மனிதர்கள் அவருடைய படங்களில் கூடுவது இந்தக் காலத்தில்தான். அந்தப் பள்ளத்தாக்கு கம்பளித் துணிக்குப் பெயர் பெற்றது என்பதையும் இங்கே நினைவில் வைத்துக்கொள்ளலாம். துணியையும் துணிக்காரர்களையும் அன்றாடம் பார்த்து வளர்ந்தவர் கையிலிருந்துதான் இந்தப் படம் வந்திருக்கிறது.

பெர்கமோவுக்கு ஆளுநராகப் போகிறவர்களிடம், உருவப்படம் வேண்டுமென்றால் மொரோனியிடம் போங்கள், உள்ளது உள்ளபடி வரைவார் என்று டிஷியன் சொல்வாராம். வெனிஸ் ஓவியர்களின் வாழ்க்கையை எழுதிய ரிதோல்ஃபி 1648-இல் எழுதிவைத்த கதை இது. உண்மையோ இல்லையோ, அது பாராட்டா, மெல்லிய குத்தலா என்று இன்றுவரை முடிவாகவில்லை.

எண்ணெய் வண்ணம் என்பதால் என்ன வேறுபாடு?

முட்டைக் கருவில் குழைத்த வண்ணம் சட்டென்று காய்ந்துவிடும். கோடு கோடாகத்தான் சாயலைக் கூட்ட முடியும். ஆளிவிதை எண்ணெயிலோ வால்நட் கொட்டை எண்ணெயிலோ குழைத்த வண்ணம் நாள்கணக்கில் ஈரமாக இருக்கும். அதனால் கன்னத்தின் வெளிச்சத்தை இருட்டுக்குள் கோடு தெரியாமல் கரைக்கலாம். ஒரு பூச்சு காய்ந்தபின் அதன் மேல் கண்ணாடி போல மெல்லிய இன்னொரு பூச்சு கொடுத்து, நிறத்துக்கு ஆழம் கூட்டலாம். இந்தப் படத்தில் அதன் பயனை முகத்தில் மட்டும் தேட வேண்டாம். கறுப்புத் துணியைப் பாருங்கள். கறுப்பின் மேல் மடிப்புகளைக் காட்டுவது கடினம், ஏனென்றால் நிழலுக்குப் போக அதைவிடக் கறுப்பான நிறம் மிச்சமில்லை. மொரோனி அங்கே சாம்பலுக்கும் கறுப்புக்கும் இடையில் உள்ள சில படிகளை மட்டும் வைத்துக்கொண்டு துணியை மேசை மேல் படிய வைத்திருக்கிறார்.

தையல் கூலிக்கு ஈடாக இந்தப் படத்தை வரைந்துகொடுத்தார் என்கிறார்களே?

கேட்க இனிமையான ஊகம். அதற்கு ஆவணம் எதுவும் இல்லை. தையற்காரரே காசு கொடுத்து வரையச் செய்திருக்கவும் தடையில்லை.

படம் லண்டனுக்கு எப்படி வந்தது?

நேஷனல் கேலரியின் முதல் இயக்குநரான சார்லஸ் ஈஸ்ட்லேக் ஆண்டுதோறும் இத்தாலி சென்று படங்கள் வாங்குவார். 1862-இல் பெர்கமோவில் இருந்த ஃபெதெரிகோ ஃப்ரிட்ஸோனி தெ சாலிஸ் என்பவரிடமிருந்து இதை வாங்கினார். வெனிஸ் மாளிகைக்குப் போன படம் இடையில் பெர்கமோவுக்கே திரும்பி வந்து, அங்கிருந்துதான் இங்கிலாந்துக்குக் கப்பலேறியிருக்கிறது.

இனிமேலாவது இவருடைய பெயர் தெரியவர வாய்ப்பு உண்டா?

வாய்ப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். அக்காலத்து இத்தாலியில் நோட்டரிகள் எழுதிக் குவித்த பத்திரங்கள் ஏராளம். கடன், வரதட்சணை, கடை வாடகை, உயில் எல்லாம் அவற்றில் உண்டு. அவற்றில் மொரோனியின் பெயரும் ஒரு தையற்காரரின் பெயரும் ஒரே பக்கத்தில் வந்தால் தேடல் தொடங்கும். ஆனால் அதோடு முடியாது. பத்திரத்தில் உள்ள தையற்காரரும் படத்தில் உள்ளவரும் ஒருவரேதான் என்று காட்ட வேண்டும்; அந்த ஊரில் தையற்காரர் ஒருவர் மட்டும் இருந்திருக்க முடியாது. அதுவரைக்கும் பெயரில்லாமல் இருப்பதே மேல். தவறான பெயர் ஒட்டிக்கொண்டால் அதைக் கழற்ற எத்தனை காலமாகும் என்பதை அந்தப் 'பள்ளி ஆசிரியர்' காட்டிவிட்டார்.

நேரில் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

நேஷனல் கேலரியின் நிரந்தரச் சேகரிப்பைப் பார்க்கக் கட்டணம் இல்லை. சில நேரங்களில் வெளிநாட்டுக் கண்காட்சிகளுக்கு இந்தப் படம் இரவலாகப் போகும் என்பதால், முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. முதலில் தள்ளி நின்று பாருங்கள். முகமும் இரண்டு கைகளும் வெள்ளைத் துளிகளாக முன்னால் வரும். பிறகு நெருங்கிப் போய், முகத்தை விட்டுவிட்டு, கத்தரிக்கோலின் வாய் எங்கே திரும்பியிருக்கிறது, சாக்கட்டிக் கோடு எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். அதன் பிறகு நிமிர்ந்தால், அவர் இன்னும் உங்களையே பார்த்துக்கொண்டிருப்பார், கத்தரிக்கோலை வைக்காமல்.